அடைப்புக்குறிக்குள் ஒரு சத்தம்

தட்டச்சுக் கடையில் அவளுக்குப் பாம்புச்செவி என்று பெயர். எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பதுதான் பதினெட்டு வருஷமாக அவள் பிழைப்பு. எதிரே ஆள் வந்து நின்றால் பேச்சு வராது. காதில் கருவியை மாட்டிவிட்டால் ஒரு பெருமூச்சுகூடத் தப்பாது. இருமல், கதவுச் சத்தம், பேசாமல் போன நொடிகள் எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் அடித்துவிடுவாள். முதலாளி முதல் நாளே சொல்லிக்கொடுத்த வழக்கம் அது.

பல்கலைக்கழகத்தில் அரசியல் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி முப்பத்தோரு பதிவுகளைக் கொண்டுவந்தாள். ராணுவ ஆட்சி முடிந்து நடந்த முதல் தேர்தலில் இந்த ஊரில் பெட்டிகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். பக்கத்து நாட்டில் அதே மாதிரித் தேர்தல் ஒரு கீறல் இல்லாமல் முடிந்தது. ஏன் என்பதுதான் அவள் கேள்வி. கண்ணால் பார்த்தவர்களிடம், பேர் வெளியே வராது என்று சத்தியம் செய்துதான் பேச வைத்திருந்தாள்.

"பேரு, தெரு, தொழில் எது வந்தாலும் எடுத்துடுங்கக்கா. நம்பர் போதும்."

அப்படியே செய்து கொடுத்தாள்.

நாலு மாதம் கழித்து, அட்டை போட்ட ஆய்வுப் புத்தகத்தோடு அந்தப் பெண் வந்தாள். "நன்றிப் பக்கத்துல உங்களைத்தான் முதல்ல போட்டிருக்கேன்."

பின்னிணைப்பைப் புரட்டியவளுக்குப் பத்தொன்பதாம் ஆளிடம் கை நின்றது.

'பெட்டியக் கொளுத்தினவன் இப்ப நம்ம வார்டு மெம்பர். (கண்ணாடி அறுக்கும் சத்தம்) கோர்ட்டுல சொல்ல யாருக்குத் தைரியம் இருக்கு?'

அந்தச் சத்தம் பதினோரு இடத்தில் இருந்தது. பெட்டி எரிந்த பள்ளிக்கூடம் எது என்று ஊருக்கே தெரியும். அதற்கு எதிரே இருப்பது ஒரே ஒரு கண்ணாடிக் கடை.

"இது வேற எங்க இருக்கு?"

"லைப்ரரியில ஒண்ணு. வாய்மொழித் தேர்வுக்கு முன்னாடி ஒரு வாரம் யார் வேணா படிக்கலாம்." சொல்லிக்கொண்டே பக்கத்தைப் பார்த்த பெண்ணுக்கு முகம் செத்துப்போயிற்று. "நாலு தடவ படிச்சேனேக்கா. கண்ணு தாண்டிப் போயிருக்கு."

அந்தப் பெண் உடனே நூலகத்துக்குப் போன் போட்டாள். மெம்பரிடம் வேலை பார்க்கும் ஒருத்தர் நேற்று வந்து பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போனாராம்.

"அந்தக் கண்ணாடிக்காரருக்கு ஒரு போன் பண்ணிடு."

"நம்பரெல்லாம் அப்பவே அழிச்சிட்டேன், பாதுகாப்புக்குன்னு. நான் புத்தகத்தத் திருப்பி வாங்கப் போறேன். தேர்வு போனாப் போகுது. ஆனா கடைக்கு நான் போனா என் மூஞ்சியே காட்டிக்குடுத்துடும்."

"நான் போறேன்." காதுக் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

கடையில் ஒரு கிழவர் கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்தார். எதிரே முக்காலிமேல் ஒருவன் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"ரெண்டடிக்கு மூணடி கண்ணாடி. மெம்பர் ஆபீசுக்கு. ரொம்ப வருஷமா இங்கதானா, பெரியவரே?"

"அப்பா காலத்துலேர்ந்து."

"எலக்‌ஷன் கலாட்டா அன்னைக்கும் தொறந்திருந்துச்சா?"

கிழவரின் கை கண்ணாடிமேல் நின்றுவிட்டது. அந்தக் குரலை அவள் முப்பது தடவையாவது கேட்டிருப்பாள். முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்கா செத்துப் பல வருஷம் ஆகிறது என்று பதிவில் அவர் குரல் உடைந்து சொன்னது நினைவுக்கு வந்தது. அச்சில் அது இல்லை; முக்காலியில் இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை.

"அண்ணே, அக்கா உங்கள உடனே கூட்டியாரச் சொல்லிச்சு."

அவர் நிமிர்ந்து அவளையே பார்த்தார். சாவி சுற்றுவது நின்றது.

"ஏன், மறுபடியும் மூச்சு வாங்குதா?" என்றபடி கண்ணாடி அறுக்கும் வைர முனையைக் கீழே வைத்தார்.

தெருமுனை திரும்பியதும் அவர் கேட்டார்.

"யாரும்மா நீ?"

"உங்க பேச்ச அடிச்சவ."

"பேரு வந்துடுச்சா?"

"இல்லண்ணே. கண்ணாடிச் சத்தம் வந்துடுச்சு. நான்தான் அடிச்சேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. பஸ் வருகிறதா என்று பார்த்தார். "மகன் வீட்டுக்குப் போறேன். நான் திரும்பலைன்னா கடையில உக்காந்திருக்கிறவன் தேட ஆரம்பிச்சிடுவான். சாயங்காலம் வரச் சொல்லிக் கடையச் சாத்திடு." கடைச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

அவர் ஏறிய பஸ் கண்ணுக்கு மறைந்ததும் கடைக்குத் திரும்பினாள்.

"எங்க அவரு?"

"கண்ணாடி சாயங்காலம்தான் ரெடியாகும். வந்து வாங்கிக்கச் சொன்னாரு."

"நீங்க அவருக்கு யாரு?"

"தங்கச்சி."

"அவருக்குத் தங்கச்சி இருக்கிறதா யாரும் சொல்லலையே."

கொக்கியை எடுத்து ஷட்டரைப் பாதி இறக்கினாள். குனிந்துதான் அவன் வெளியே வரவேண்டியிருந்தது.