ஐந்து மணிக் கையெழுத்து

துறையூர்ப் பள்ளிக்கூடத்தில் லூர்துராணி டீச்சர் இடது கையால் போர்டில் எழுதுவதைப் பார்த்தவர்கள் அது பிறவிப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். வலது கையை உடைத்தவன் வெள்ளைச்சாமி என்ற வாட்ச்மேன். அவள் படிப்பை ஒழித்தவன் நான், இருதயநாதன். இதைச் சொல்ல இத்தனை வருஷம் எடுத்துக்கொண்ட என்னை என்ன திட்டினாலும் தகும்.

திருவெறும்பூர் தாண்டி ஓர் அரசு ஆராய்ச்சி நிலையம். அங்கே பன்னிரண்டு பேர் பயிற்சி ஆராய்ச்சியாளர்களாக இருந்தோம். மாத உதவித்தொகை நூற்றைம்பது ரூபாய். 1957-இல் வைத்த தொகை 1963-இலும் அதேதான், அரிசி விலைதான் ஏறிக்கொண்டே போனது. தொகையைக் கூட்டச் சொல்லி டில்லிக்கு நாங்கள் எழுதிய மனுக்களை டைரக்டர் தன் டிராயரிலேயே போட்டுப் பூட்டினார். காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட வேண்டும். விட்டால் அன்றைக்கு ஐந்து ரூபாய் வெட்டு. அதனால் ஒருவர் வராவிட்டால் அவருக்காக இன்னொருவர் போட்டுவிடுவது எங்களுக்குள் வழக்கம்.

எங்கள் பன்னிரண்டு பேரில் ஒருத்தி லூர்துராணி, பொன்மலை ரயில்வே ஃபிட்டர் அற்புதசாமியின் மகள். மூக்கு நுனியில் கோபம்.

"மனு எழுதி எழுதிக் கை வலிச்சதுதான் மிச்சம். நாளைக்கு எல்லாரும் கேட்ல போய் உக்காருவோம்ங்க" என்றாள்.

சம்பளவெட்டுக்குப் பயந்து, ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தோம். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

பதினோரு மணிக்கு டைரக்டரின் கார் வந்தது. நாங்கள் நகரவில்லை. அவர் தலையை அசைத்தார். வெள்ளைச்சாமியும் நாலு ஆட்களும் மூங்கில் தடிகளோடு பாய்ந்தார்கள். முதல் அடி, எங்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தைரியராஜின் முகத்தில். மூக்குக்கண்ணாடி நொறுங்கிச் சில்லு இடது கண்ணில் இறங்கியது. விழுந்தவனை வயிற்றில் மிதித்தார்கள். நாங்கள் பத்துப் பேரும் ஓடினோம். லூர்துராணி மட்டும் அவன்மேல் குப்புற விழுந்து மறைத்துக்கொண்டு, மிதித்த காலைக் கடித்தாள். வெள்ளைச்சாமி அலறிக்கொண்டு அவள் மணிக்கட்டில் மாறி மாறி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த எனக்குக் கேட்டது.

ஐந்து மணிக்கு, ஓடிய மற்றவர்களைப் போலவே நானும் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டேன். அடியும் பட்டு ஐந்து ரூபாயும் போக வேண்டுமா என்ற இரக்கம். சத்தியமாக அவ்வளவுதான்.

இரண்டு வாரத்தில் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். டைரக்டர் ரிஜிஸ்தரை விரித்து வைத்தார். அன்று பன்னிரண்டு பேரும் மாலைவரை லேப்பில்தான் இருந்தார்களாம், குடுவை வெடித்துக் கண் போயிற்றாம், பயந்து ஓடிய பெண் படியில் விழுந்தாளாம். வெளியில் இருந்தோம் என்றால் பொய்க் கையெழுத்து, உதவித்தொகை போச்சு. பத்துப் பேரும் குடுவை வெடித்தது என்றோம்.

லூர்துராணி மாவுக்கட்டோடு வந்து நின்றாள்.

"காலையில போட்டது நான்தாங்க. போட்டுட்டு வெளிய போனது தப்புதான். ஆனா பதினோரு மணிக்கு இந்தக் கையை ஒடைச்சாங்க. அஞ்சு மணிக்கு இருக்கறது என் கையெழுத்து இல்லைங்க."

"அப்ப யாரு போட்டது?" என்றார் அதிகாரி.

அவளுக்கு என் எழுத்து தெரியும். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தால் டைரக்டரின் கதை அங்கேயே நாறிப்போகும். நான் தரையைப் பார்த்தேன். அதிகாரி மூன்று முறை கேட்டார். அவள் என் பெயரைச் சொல்லவில்லை, நானாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

ஆள் வைத்துப் பொய்க் கையெழுத்துப் போட்டதாக அவளை நீக்கினார்கள். தைரியராஜின் கண் விபத்துக் கணக்கில் போனது.

அடுத்த ஏப்ரலில் உதவித்தொகை இருநூற்றைம்பதாக உயர்ந்தது. டிராயரில் பூட்டிக் கிடந்த அந்தப் பழைய மனுக்களைப் பரிசீலித்ததாக உத்தரவில் எழுதியிருந்தது. கூடக் கிடைத்த நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு பொன்மலைக்குப் போனேன்.

"இது உங்களாலதான் கெடைச்சுது. நீங்க வச்சுக்கங்க" என்று நீட்டினேன்.

அறைந்தாள். உதடு கிழிந்தது. மறுபடியும் அறைந்தாள்.

"தைரியராஜ் கண்ணுக்கு எவ்வளவுங்க கொண்டுவந்திருக்கீங்க?"

கதவு சாத்திக்கொண்டது. பத்து ரூபாய் நோட்டுகள் வாசலில் சிதறிக் கிடந்தன. சட்டையில் ரத்தம் சொட்டச் சொட்டக் குனிந்து, பத்தையும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.