தண்ணீர் குடிக்காத கார்

எங்கள் வீட்டில் ஸ்கூட்டர் வாங்கத்தான் பணம் சேர்த்தார்கள். வாசலில் வந்து நின்றதோ கார். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்ட வெள்ளைக்கார நர்ஸம்மா ஒருவர் பாளையங்கோட்டையில் விட்டுப்போன கார் அது. என் அம்மாவைவிட வயதில் மூத்தது. பல வருடமாக ஒரு பங்களாவின் ஷெட்டில் கோழிகள் அடையும் இடமாகக் கிடந்த அதை யாரும் சீந்தவில்லை. ஸ்கூட்டர் விலைக்கே தருகிறோம், இடத்தைக் காலி செய்து கொடுத்தால் போதும் என்றார்கள். அம்மா மறுபேச்சுப் பேசாமல் ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

கூன் விழுந்த முதுகும் உருண்டை விளக்குமாக இருந்த அதற்குத் தெருக்காரர்கள் ஆமைக் கார் என்று பெயர் வைத்தார்கள். முன்பக்க மூடியைத் திறந்தால் அங்கே இஞ்சின் இருக்காது. ஸ்டெப்னியும் அம்மாவின் ஸ்பானர் பையும்தான் இருக்கும். இஞ்சின் பின்னால். அதைவிடப் பெரிய அதிசயம், அந்த இஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரே வேண்டாம். காற்றை இழுத்து இழுத்தே தன் சூட்டை ஆற்றிக்கொள்ளும். அம்மா அறிவியல் டீச்சர். காரோடு வந்த செல்லரித்த புத்தகத்தை அகராதி வைத்துப் படித்தே அதன் நாடி நரம்பெல்லாம் தெரிந்துகொண்டாள். பெல்ட் மாட்டுவது, எண்ணெய் மாற்றுவது எல்லாம் வாசலிலேயே நடக்கும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் காருக்கு அடியில் நுழைந்தால், பால்காரர் முதல் தபால்காரர் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

அம்மாவுக்கு அந்தக் கார் பவுசு காட்ட அல்ல. சீவலப்பேரிப் பாலத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை. அந்த ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஒன்றைத் தவறவிட்டால் மூன்று மைல் நடக்க வேண்டும். இப்படி அல்லாடுவதற்கு வேலையை விட்டுவிடேன் என்று அப்பா சொல்ல ஆரம்பித்திருந்தார். கார் வந்த பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கியது. என்னையும் அதே பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பில் சேர்த்திருந்ததால் தினமும் எனக்குக் கார் சவாரி.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! பின் சீட்டுக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே சாமான் வைக்க ஒரு பள்ளம் உண்டு. அதற்குள் நான் கச்சிதமாக அடங்குவேன். என் முதுகுக்குப் பின்னால் இஞ்சின் படபடவென்று அடிக்க, உடம்பெல்லாம் கதகதவென்றிருக்கும். பாலத்தில் ஏறியதும் அம்மா ஆக்சிலேட்டரை ஓர் அழுத்து அழுத்துவாள். கீழே தாமிரபரணி, இரண்டு பக்கமும் வயல், நாரைகள். நான் தொண்டை கிழியக் கத்துவேன். அம்மாவும் சில நாள் சேர்ந்து கத்துவாள். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது மட்டும் டீச்சர் முகத்தை மாட்டிக்கொள்வாள்.

இந்தக் காரைப் பிடிக்காத ஒரே ஆள் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். திருநெல்வேலி டவுணில் முப்பது வருடமாக அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டியவர். சொந்தக்காரர்களில் யார் கார் வாங்கினாலும் முதலில் அவர் பானட்டைத் திறந்து பார்த்துத் தலையாட்ட வேண்டும். அம்மா அவரைக் கேட்காமல் வாங்கிவிட்டாள். அது போதாதென்று, அவர் தலையாட்டத் தோதாகத் திறந்த இடத்தில் இஞ்சினும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் காரைச் சுற்றி ஒரு நடை நடப்பார்.

"அஞ்சு மைல் நடந்தா மாட்டுக்கே தண்ணி காட்டுதோம். இம்புட்டுப் பெரிய வண்டியத் தண்ணி காட்டாமலே ஓட்டுதீங்களே! பாவம் இல்லையா டீச்சர்?" என்பார். தம்பி மனைவியை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

அம்மா சிரிப்பாள். "இது தண்ணி குடிக்காது அத்தான்," என்பாள். அம்மா சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் நாக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாடு ஒன்று என் மனதுக்குள் புகுந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய பிறகு, சூடு ஆறும் இஞ்சின் டிக் டிக் என்று சத்தம் போடும். அது தாகத்தில் நாக்கைச் சப்புகிற சத்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருடம் கார் இரண்டு தடவை வழியில் நின்றது. ஒரு தடவை ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தது, இன்னொரு தடவை பிளக். இரண்டையும் அம்மா அங்கேயே சரிசெய்துவிட்டாள். ஆனாலும் டீச்சர் நடுரோட்டில் கையெல்லாம் கரியோடு நின்ற செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்பா அவமானப்பட்டுப் போனார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதும் அந்த அவமானத்தில் கொஞ்சம் இருந்திருக்கும். பெரியப்பா ஒரு வியாபாரியைப் பேசி வைத்திருந்தார். இன்னும் ஒரே ஒரு தடவை நின்றால் விற்றுவிட வேண்டும் என்று அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா சரி என்றாள். கார் போனால் வேலையும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், கார் போனால் என் பள்ளமும் போகும் என்பதுதான்.

அப்போதுதான் அசனம் வந்தது. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில், பனைமரங்களுக்கு நடுவே இருக்கிறது அப்பாவின் சொந்த ஊர். வருடத்துக்கு ஒரு நாள் கோயில் வளாகத்தில் ஊர் மொத்தமும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்குத்தான் அசனம் என்று பெயர். கிறிஸ்தவர்கள் மட்டும் என்றில்லை, யார் வந்தாலும் இலை உண்டு. பெரியப்பாவின் அம்பாசிடர் அன்று ஒரு கல்யாண வாடகைக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் ஆமைக் காரில் ஏறினார். அவர் ஏறியதும் கார் ஒரு பக்கமாகத் தாழ்ந்தது.

முனைஞ்சிப்பட்டியைத் தாண்டும்வரை பெரியப்பா இஞ்சின் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு வந்தார். நல்ல வெயில். கார் ஒரு குறையும் வைக்காமல் பறந்தது. இரண்டு அரசு பஸ்ஸை முந்தினோம்! இரண்டாவது பஸ்ஸை முந்தியபோது பெரியப்பாவே தன்னை மறந்து, "அப்படிப் போடு!" என்று தொடையைத் தட்டிவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பனைமரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

ஊரில் திருவிழாக் கூட்டம். ஆள் உயரத்துக்குச் சோற்றுக் குவியல், அண்டா அண்டாவாக ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு. குருவானவர் ஜெபம் பண்ணிவிட்டு மைக்கில் சொன்னார்: "இந்த வளாகத்துக்குள்ள வந்த ஒரு ஜீவனும் பசியோடயோ தாகத்தோடயோ திரும்பிப் போகக் கூடாது." சொன்னபடியே செய்தார்கள். வெளியூர் ஆட்களுக்கு, பிச்சைக்காரர்களுக்கு, சாமான் ஏற்றி வந்த வண்டி மாடுகளுக்குக்கூட ஒரு குறையும் வைக்கவில்லை. மாடுகள் தொட்டியில் தண்ணீர் உறிஞ்சுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் எங்கள் கார் வெயிலில் நின்று டிக் டிக் என்றது. அவ்வளவு தூரம் எங்களைச் சுமந்து வந்த ஜீவன் அது ஒன்றுதான் வெறும் வயிற்றோடு நின்றது.

பந்தியில் இருந்து ஒரு பெரிய செம்பை எடுத்துத் தொட்டிக்குப் பக்கத்து டிரம்மில் நிறைய மொண்டேன். பின் மூடியைத் திறக்க எனக்குத் தெரியும். அம்மா எண்ணெய் ஊற்றும்போது திருகும் மூடியும் தெரியும். கார் வாய் திறப்பது அது ஒன்றில்தான் என்பதால் அதில் ஊற்றினேன். பாதி என் பாவாடையில் சிந்தியதும் திரும்பப் போய் இன்னும் அரைச் செம்பு மொண்டு வந்து ஊற்றினேன். கார் மடக் மடக்கென்று குடித்தது. அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. செம்போடு திரும்பியபோது, வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலில் துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்த பெரியப்பா துண்டை விலக்கினார்.

"என்னட்டி, பாவாடையெல்லாம் நனைஞ்சு கெடக்கு?"

தண்ணீர் குடித்தேன் என்றேன். அவர் மறுபடி துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஊரே வழியனுப்ப நின்றது. பெண்பிள்ளை ஓட்டும் காரைப் பார்க்கவே பாதிப் பேர் வந்திருந்தார்கள். கார் கிளம்பி வளாகத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை. பின்னால் வெள்ளையாகப் புகை. அம்மாவுக்கு முன்னால் இருந்த குட்டி விளக்கு எரிந்தது, அணையவில்லை. அம்மா உடனே இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

அப்பா இறங்கவே இல்லை. "போதும். திங்கக்கெழமை அந்த யாவாரிய வரச் சொல்லிருவோம்," என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

அம்மா எண்ணெய் அளக்கும் கம்பியை உருவினாள். அதில் எண்ணெய் பால் விட்ட டீ மாதிரி இருந்தது. "எண்ணெயில தண்ணி கலந்திருக்கு," என்றாள். "வேற காருன்னா ரேடியேட்டர்ல இருந்து கசிஞ்சதுன்னு சொல்லலாம். இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. யாரோ வெளியில இருந்து ஊத்தியிருக்காங்க."

"யாரு ஊத்துவா?" என்று கேட்டுக்கொண்டே அப்பா இறங்கினார். "பழைய வண்டி மேல குத்தம் சொல்ல மனசு வரல. அதான் ஆள் மேல பழியப் போடுத."

நான்தான் என்று சொன்னால் முதுகுத் தோல் உரிந்துவிடும். சொல்லாவிட்டால் கார் போய்விடும். அம்மா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் பார்வை என்னிடம் வருவதற்குள் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"நாந்தாம்லே ஊத்துனேன்."

அப்பா அசந்துபோனார். "நீயா அண்ணே? முப்பது வருசமா கார் வச்சிருக்க, எண்ணெய் ஊத்துத ஓட்டைக்கும் தண்ணி ஊத்துத ஓட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"இஞ்சினக் கொண்டுபோய்ப் பின்னால வச்சவன் எத எங்கன வச்சிருப்பான்னு எனக்கு எப்படிலே தெரியும்? வெயில்ல நிக்குதேன்னு பாவம் பார்த்து ஊத்திட்டேன். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. யாவாரியும் வேண்டாம், ஒருத்தனும் வேண்டாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கார் வாங்கும்போதெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய ஆட்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஓர் இளவட்டம், "அண்ணாச்சி, பெட்ரோல எங்கன ஊத்துவீங்க?" என்று கேட்டான். பெரியப்பா காது சிவக்க நின்றார். பிறகு யாருடைய மோட்டார் சைக்கிளிலோ ஏறிப் போய் எண்ணெய் டின் வாங்கி வந்தார்.

அம்மா காருக்கு அடியில் ஒரு குழம்புச் சட்டியை வைத்து அடிப்பக்கத் திருகைக் கழற்றினாள். முதலில் தண்ணீர் வந்தது, பிறகு எண்ணெய். தண்ணீர் ஒரு செம்பு இருக்கும், அவ்வளவுதான். அம்மா சட்டியைப் பார்த்தாள். என் பாவாடையைப் பார்த்தாள். அது காய்ந்து சொரசொரவென்று ஆகியிருந்தது. கடைசியாகப் பெரியப்பாவைப் பார்த்தாள்.

"இனிமே என்னக் கேக்காம எதுவும் ஊத்தாதீங்க அத்தான்," என்றாள்.

"சரி டீச்சர்," என்றார் அவர்.

புது எண்ணெய் ஊற்றி, ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றினார்கள். இருட்டுவதற்கு முன்னால் கார் படபடவென்று உயிர்பிடித்தது! ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கை தட்டி வாசல்வரை கூடவே ஓடி வந்தார்கள். அம்மா அதே காரில் இன்னும் பதினோரு வருடம் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

நான் மட்டும் பள்ளத்துக்குள் பொருமிக்கொண்டே வந்தேன். ஒரு செம்பு தண்ணீர் காருக்கு அளவான தண்ணீர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியப்பாவும் தன் பங்குக்கு ஊற்றித்தான் கார் வயிறு பெருத்துக் கெட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன். சட்டியில் இருந்தது ஒரே செம்புத் தண்ணீர் என்பது கண்ணுக்குத் தெரிந்தும் புத்திக்கு எட்டவில்லை. கட்டிலை விட்டு எழுந்திருக்காத மனிதர் எப்போது போய் ஊற்றினார் என்றும் நான் யோசிக்கவில்லை. கிறிஸ்துமஸ்வரை அவரோடு பேசவே இல்லை. ஞாயிறுதோறும் அவர் நீட்டிய அல்வாப் பொட்டலத்தை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று கோயில் வாசலில் அவரே வந்து குனிந்தார். "என்ன மக்கா, பெரியப்பா மேல இன்னுமா கோவம்?"

"ஏன் எங்க கார்ல தண்ணி ஊத்துனீங்க?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். "புத்தியில்லாமச் செஞ்சுட்டேன் மக்கா. மன்னிச்சிரு," என்றார்.

பண்டிகை நாளாயிற்றே என்று நான் பெரிய மனது பண்ணி அவரை மன்னித்துவிட்டேன்.