லேடீஸ் கம்பார்ட்மென்ட்டை அளந்த குற்றம்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி இருக்கும். ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு லோக்கல் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், அறுபத்தெட்டாவது வயதில் நான் போலீஸில் பிடிபட்டேன். கையில் ஒரு அளவு டேப், ஒரு நோட்டுப் புத்தகம், தோள்பையில் மோர் பாட்டில். பிடிபட்டது பெரிய விஷயமில்லை, அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். என்னை விட்ட விதம்தான் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

முதலில் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். மற்றவர்கள் வரைந்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கையெழுத்து விழுந்த பிறகுதான் அந்தத் தாள் மெஷின்கள் ஓடும் ஷாப்புக்குப் போகும். தெரிந்து ஒரு தப்பான அளவுக்கு நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

முப்பது வயதிலேயே பிடித்துக்கொண்ட பழக்கம் இது. கண்ணில் பட்ட பொருளை அளந்து, நாற்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, அட்டையில் மாடல் செய்வேன். வெளியே ஒரு மீட்டர் என்றால் என் மேஜையில் இரண்டரை சென்டிமீட்டர். தண்ணீர் லாரி, பால் பூத், எங்கள் வேப்பம்பட்டு வீடு என்று அலமாரி நிறைய இருக்கின்றன. எல்லாம் கல்யாணப் பத்திரிகை அட்டை. யாராவது பத்திரிகை வைக்க வந்தால், முகூர்த்த நேரத்தைக் கேட்பதற்கு முன் அட்டையின் கனத்தைத்தான் தடவிப் பார்ப்பேன். செய்து முடித்த ஒவ்வொரு மாடலின் அடியிலும் ஆபீஸ் வழக்கப்படி அளவையும் எழுதி, சரிபார்த்ததற்கு அடையாளமாக ஒரு கையெழுத்தும் போட்டுவிடுவேன்.

ஆறு வருஷமாக விரல் மூட்டுகளில் வாதம். பின்னாலேயே கை நடுக்கமும் வந்து சேர்ந்தது. வலது கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இடது கண் வரிசையில் நிற்கிறது. காலை மாத்திரை போட்டபின் முக்கால் மணி நேரம் கை சொன்ன பேச்சைக் கேட்கும். பிளேடின் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கி, உள்ளங்கையில் அழுத்திப் பிடித்து வெட்டுவேன். ஒட்டிய துண்டு காயும் வரை பிடித்துக்கொள்வது துணி கிளிப்பின் பொறுப்பு. ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல், அவ்வளவுதான். எதற்கு இந்த வயதில் இந்த அவஸ்தை என்று கேட்காத ஆள் கிடையாது. சாம்பார் வைக்கும்போது மட்டும் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

கடைசியாகக் கையில் எடுத்தது, வேப்பம்பட்டிலிருந்து அம்பத்தூருக்கு நான் போய்வந்த மின்சார ரயிலின் லேடீஸ் கம்பார்ட்மென்ட். சும்மா போட்டோவைப் பார்த்து மதிப்பிட இப்போது கண் இடம் தரவில்லை. ஓடும் ரயிலில் நின்று அளக்கக் கால் இடம் தரவில்லை. சரி, ரயில் ஸ்டேஷனில் நிற்கும்போது அளப்போம் என்று பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தேன். வண்டி நிற்பது அரை நிமிஷம். அதனால் ஒரு வண்டிக்கு ஒரு அளவு. எந்த வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை வினாடி நிற்கிறது, கூட்டம் உண்டா இல்லையா என்று பத்து நாள் குறித்து வைத்திருந்தேன். வாசலைப் படம் போட்டு, அளக்க வேண்டிய இடங்களில் பெருக்கல் குறியும் போட்டிருந்தேன். அந்த நோட்டை வேறு யாரிடமாவது பார்த்திருந்தால் நானே பிடித்துக் கொடுத்திருப்பேன்.

யாரோ ஒரு பயணி சொல்லி, ஒரு போலீஸ்காரர் வந்து என்னை ஸ்டேஷனிலேயே இருந்த போலீஸ் அறைக்கு அழைத்துப் போனார். ஐம்பது வயதிருக்கும். நோட்டைப் புரட்டப் புரட்ட அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"இன்னாம்மா இது, டைம்லாம் போட்டு வெச்சிகினு கீற. கூட்டம் கம்மினு வேற எழுதிகீற."

விவரம் சொன்னேன். நம்பவில்லை. வீட்டு நம்பரை வாங்கி என் மகனுக்குப் போன் செய்து வரச் சொன்னார். அதற்குப் பிறகுதான் செல்போனில் இருந்த படத்தை, பாதி முடிந்த அட்டைக் கோச்சை, காட்டினேன். அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு நோட்டை மூடித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, வாசல் எவ்வளவு அகலம், படி எவ்வளவு உயரம் என்று கேட்டார். பாராமல் சொன்னேன். மனிதர் என் டேப்பையே எடுத்துக்கொண்டு வெளியே போனார். அடுத்த வண்டி வந்து, நின்று, கிளம்பியது. திரும்பி வந்தவர் முகத்தில் சிரிப்பு.

"கரிக்டா கீதும்மா. ஒரு லெட்டர் குடுத்து பர்மிஷன் வாங்கிக்கினு வா, நானே டேப்ப புடிக்கிறேன்."

எனக்கு என்னமோ டிராயிங் ஆபீஸுக்கே திரும்பிப் போன மாதிரி இருந்தது. மோரில் அவருக்கும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து மகன் வந்தான். சேக்காட்டில் அவனுடைய ஃப்ளாட்டில்தான் நான் இருக்கிறேன். ஐ.டி. வேலை, அன்று வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

"சார், மன்னிச்சிருங்க. அம்மாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபகம் சரியில்ல. இன்னும் வேலைக்குப் போறதா நெனச்சுக்கிட்டு கெளம்பிடறாங்க. கையப் பாருங்க சார், எப்படி நடுங்குது."

போலீஸ்காரர் என் கையைப் பார்த்தார். மாத்திரையின் முக்கால் மணி நேரம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. மோர் டம்ளர் மேஜையில் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இரக்கமாக மாறியதை நான் ஒற்றைக் கண்ணாலேயே பார்த்தேன்.

மகன் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி எழுதினான். என் தாயாருக்கு ஞாபகமறதி நோய் இருக்கிறது, இனி தனியாக வெளியே அனுப்ப மாட்டேன் என்று. அடியில் அவன் கையெழுத்துப் போட்டான். என்னையும் போடச் சொன்னார்கள்.

படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் பொய். "இவன் சொல்வது நிஜமில்லை சார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் போலீஸ் முன்னால் என் பிள்ளை பொய்யனாகிவிடுவான். பயத்தில் வேர்த்துப்போய் நின்றிருந்தான். கையெழுத்துப் போட்டேன். நடுங்கி நடுங்கிக் கோணலாக விழுந்தது, அந்தப் பொய்க்குச் சாட்சி மாதிரியே.

"பத்ரமா ஊட்டுக்குப் போ, ஆயா," என்றார் அவர். அதுவரை அம்மா என்று கூப்பிட்டவர்.

வழியில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, அவர் ஏற்கெனவே நம்பிவிட்டார், அளந்துகூடப் பார்த்துவிட்டார் என்று மகனிடம் சொன்னேன்.

"எனக்கெப்படிம்மா தெரியும்? விடும்மா, அதான் முடிஞ்சுபோச்சே."

முடியவில்லை. போலீஸுக்குச் சொன்னதை அவனே நம்ப ஆரம்பித்தானா, அல்லது அப்படி வைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா, தெரியவில்லை. கீழே வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தான். இப்போது நான் கேட் தாண்டினால் மகனுக்குப் போன் போகிறது. மருமகள் நல்லவள்தான், எனக்காகத்தான் பயப்படுகிறாள். சைக்கிள் டியூப் சுற்றிய என் பிளேடை எங்கோ எடுத்து வைத்துவிட்டாள். கேட்டால், எங்கேயாவது மறந்து வைத்திருப்பீர்கள் என்கிறாள். ரசத்தில் உப்பு குறைந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஊரில் உப்புப் போட மறக்காதவர்கள் யார் என்று கத்தலாம் போலிருக்கும். கத்தினால் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். அதனால் கத்துவதில்லை.

மாடலை மட்டும் விடவில்லை. நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, ஒரு ஜன்னலுக்கு மூன்று நாள் எடுத்து, இந்தப் பொங்கலுக்குக் கோச்சை முடித்தேன். வாசல், படி, கம்பி எல்லாம் பிடிபடுவதற்கு முன்பே நான் எடுத்து வைத்திருந்த சரியான அளவு. தை மாதம் மகனின் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள். அவன் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய்க் காட்டினான். குரலில் நிஜமான பெருமை இருந்தது.

"இந்த நிலைமைலயும் அம்மா இதப் பண்ணியிருக்காங்க பாருங்க."

எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். கோச்சை ஒருவரும் சரியாகப் பார்க்கவில்லை.

அந்தக் கோச்சின் அடிப்பக்கம் மட்டும் இன்னும் பாதி வெறுமையாக இருக்கிறது. நாற்பதில் ஒன்று என்று அளவை எழுதிவிட்டேன். பக்கத்தில் சரிபார்த்த கையெழுத்தைப் போடப் பலமுறை பென்சிலை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன். கைநடுக்கம் காரணமில்லை, காலை மாத்திரைக்குப் பிறகு அது நிற்கத்தான் செய்கிறது. தெரிந்தே ஒரு பொய்க்கு அன்று போட்டுவிட்ட அதே கையெழுத்தை, ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாத இந்த ரயிலின் கீழே போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.