உடையாத பச்சை

செங்கமலத்துக்குச் செலியமேட்டு ஊர் வைத்த பேர் கல்லுப்பொறுக்கி. வைக்கட்டுமே! பேர் வைத்தவனா அவளுக்குச் சோறு போட்டான்?

புருஷன் சைகோனில் காவல்காரனாக இருந்தபோது, அந்த ஊர்ப் பெண்கள் போடுகிற ஜேடு என்கிற பச்சைக்கல் வளையல் ஒன்றை அவளுக்கு வாங்கிப் போட்டான். ஊர் திரும்பிய வருஷமே போய்ச் சேர்ந்தான். பத்தாம் நாள் பெண்ணையாற்றங்கரையில் மூத்த ஓரகத்தி கலியம்மாள்தான் வளையல் உடைத்தாள். கண்ணாடி எல்லாம் நொறுங்கிற்று. அந்தப் பச்சை மட்டும் தட்டத் தட்ட அப்படியே இருந்தது, மணிக்கட்டுதான் வீங்கியது. கடைசியில் எண்ணெய் தடவிக் கழற்றி, "தாலி அறுத்தவளுக்கு இன்னாடி பச்ச?" என்று ஆற்றில் வீசிவிட்டாள்.

செங்கமலத்துக்கு அன்றைக்கு மூண்ட ஆத்திரம் அடங்கவே இல்லை. போட்டது ஆற்றில்தானே, வளையலோ அதே மாதிரிக் கல்லோ ஆறே திருப்பித் தரட்டும் என்று, வெள்ளம் வடியும்போதெல்லாம் இடுப்பில் கத்தியோடு இறங்கிவிடுவாள். பச்சையாகக் கிடப்பதெல்லாம் ஜேடு ஆகிவிடுமா? கத்தி கீறினால் மாவுக்கல். உள்ளே குமிழி தெரிந்தால் சோடா பாட்டில் துண்டு. கைக்குக் கனக்க வேண்டும், கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், விளிம்பில் வெயில் கொஞ்சமாவது உள்ளே இறங்க வேண்டும். பல வருஷம் ஒன்றும் அகப்படவில்லை. அவளும் விடவில்லை.

ஒரு ஐப்பசி வெள்ளம் அவள் வாரத்துக்குப் பயிரிட்ட நிலத்தை மணலால் மூடிவிட்டது. நிலக்காரர் சுப்பராயலு ஊர் கேட்கச் சொன்னார்: "நெல்லு வெளஞ்சா பாதி எனக்கு. மணலு ஒன் தலையெழுத்து, நீயே அள்ளு."

அள்ளினாள். கூடை கூடையாக அள்ளும்போதுதான் அந்தக் கல் தட்டுப்பட்டது. தேங்காய் அளவு, மேலே பழுப்புத் தோல், மூளியான மூலையில் பச்சை. கத்தி வழுக்கியது. கன்னம் சில்லிட்டது. மூலையில் வெயில் இறங்கியது. வரப்பிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்தான்.

சேதி பரவியதும் சுப்பராயலு சம்மட்டியோடு வந்துவிட்டார். பின்னாலேயே ஊர், ஊரோடு கலியம்மாள்.

"என் நெலத்துல இன்னா வந்தாலும் பாதி எனக்கு."

"மணலு என் தலையெழுத்துன்னீங்களே ஐயா! மணலோட வந்த கல்ல மட்டும் ஒங்க தலையில எப்ப எழுதினாங்க?"

கூட்டம் சிரித்தது. அவருக்கு முகம் சிவந்துபோயிற்று. "ரெண்டா ஒடச்சுப் பாதியக் குடுடி!"

உடைந்தால் இத்தனை வருஷமும் வீண். ஆனால் பழைய மணிக்கட்டு வலி ஞாபகத்துக்கு வந்தது. அந்த வளையல் உடையவில்லையே!

"அடிங்க. ஒடஞ்சா ரெண்டு பாதியும் நீங்களே எடுத்துக்குங்க. ஒடயலன்னா இதப்பத்தி மூச்சு வுடக்கூடாது. ஊரு சாட்சி."

மதகுக் கருங்கல்மேல் வைத்து அடித்தார். சம்மட்டி எகிறியது. மறுபடி அடித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார். படீரென்று பிளந்தது. பிளந்தது அடியிலிருந்த கருங்கல். பச்சையில் வெள்ளையாக ஒரு தழும்பு, அவ்வளவுதான்.

"எடுத்துத் தொல!" என்று சம்மட்டியை வீசினார்.

செங்கமலம் கல்லை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே கலியம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"இன்னாக்கா, எண்ணெ கொண்டாரட்டுமா? இதையும் ஆத்துல போடறியா?"

கலியம்மாள் தலை குனிந்து வழிவிட்டாள். செங்கமலம் வீட்டுக்கு நடந்தாள்.