முதல் நாள் வீடியோ

அத்தைக்கு உடற்பயிற்சி வீடியோ தேடிக் கொடுத்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கச்சி. பாலசமுத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். நாலு வருசமாகியும் பிள்ளை இல்லை. திண்டுக்கல்லில் டாக்டரிடம் காட்டியபோது, முதலில் பத்துக் கிலோ உடம்பைக் குறைக்க வேண்டும், பட்டினி கிடக்காமல் உடற்பயிற்சி செய்து குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அத்தையின் மாமியார் ஒரு மாசம் கெடு வைத்து அவளை அகரத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மாமா போனில் அப்பாவிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"ஏனுங்க மச்சான், அங்கயே இருந்து கொறச்சுட்டு வரட்டுங்க. இல்லாட்டி அம்மா வேற மாதிரி பேசுறாங்க."

வேற மாதிரி என்றால் வேற பொண்ணு. அது எனக்கே புரிந்தது.

வந்த மறுநாள் அத்தை என்னோடு மாவு மில்லுக்கு வந்தாள். நான் கம்பு அரைக்கக் கொடுத்தேன். அவள் மூட்டை நிறுக்கிற மிசின் மேல் ஏறி நின்றாள். எண்பத்திரண்டு என்று சிவப்பாக எரிந்தது. மில்லுக்காரர் எட்டிப் பார்த்து, "அப்படியே அரைச்சிரவா, இல்ல பொடச்சுட்டு வாரியா?" என்றார். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

ரோட்டில் நடக்கலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தது. அத்தை மாட்டேன் என்றுவிட்டாள். எப்ப வந்த, எப்பப் போற என்று வழியெல்லாம் கேட்பார்கள். அதனால் வீட்டுக்குள்ளேயே செய்வது என்று முடிவானது.

வீட்டில் ஒரே போன், அப்பாவுடையது. அப்பா விடியுமுன்னே வண்டியில் பூ ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவார். ஒன்பது மணிக்குத் திரும்பி, மத்தியானம் வரை முன்னறையில் தூங்குவார். அந்த நேரம் போன் என் கையில் இருக்கும். நெட் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கு. அதைப் பூராவும் என் விளையாட்டுக்குத்தான் செலவழித்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கு இங்கிலீஷ் வராது. எனக்கும் அரைகுறைதான், ஆனால் தேட வரும். ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம். ஆம்பளை சொல்லித் தருவது வேண்டாம் என்றாள். உடம்போடு ஒட்டின துணி போட்ட பொம்பளையும் வேண்டாம், அண்ணன் முழிச்சு வந்தா என்ன நினைக்கும் என்றாள். அப்பா தூங்குவதால் குதிக்கிறது ஆகாது. பாட்டுச் சத்தமும் ஆகாது. கடைசியில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு அக்கா கிடைத்தாள். தமிழில் நிதானமாகப் பேசினாள். முப்பது நாளைக்கு முப்பது வீடியோ.

"இவ போதும்த்தா" என்று அத்தை ஆசையாக அந்த முகத்தைத் தொட்டாள். வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது. பயந்து கையை எடுத்துக்கொண்டாள்.

முதல் நாள் வீடியோ பத்து நிமிசம். கழுத்தைத் திருப்பு, கையைச் சுத்து, மூச்சை இழுத்து விடு. அவ்வளவுதான். அத்தை அம்மாவின் நைட்டியைப் போட்டு, மேலே ஒரு துண்டையும் போட்டுக்கொண்டு, அடுப்படிக் கதவைச் சாத்திச் செய்தாள். கை சுத்தும்போது அலமாரியில் இடிக்கும்.

ரெண்டாம் நாள் வீடியோ முக்கால் மணி நேரம். அதை ஓட்டினால் நெட் பாதி தீர்ந்துவிடும். முதல் நாள் வீடியோவை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன். அதையே போட்டேன். ஆரம்பத்தில் அந்த அக்கா முதல் நாள் என்று சொல்வாள். அந்த இடத்தைத் தள்ளிவிட்டுக் கொடுத்தேன். ரெண்டாம் நாளா என்று அத்தை கேட்டாள். ஆமா என்றேன்.

மூணாம் நாளும் அதுதான். நாலாம் நாளும் அதுதான்.

ஒரு வாரம் போயிருக்கும். அத்தை போனைப் பார்த்தபடி கேட்டாள். "இந்தப் பிள்ளைக்கு மாத்துத் துணியே கெடையாதா?"

"பாவம், வசதி இல்லாதவங்க போல அத்தை" என்றேன்.

அத்தை செத்த நேரம் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். அன்றிலிருந்து பத்து நிமிசம் முடிந்ததும் போனை என்னிடம் நீட்டிவிடுவாள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக மறுபடியும் செய்வாள். கழுத்து, கை, மூச்சு. மூணு தடவை, நாலு தடவை. அலமாரி இடிக்கிற சத்தம் வெளியே கேட்கும். நான் விளையாடிக்கொண்டிருப்பேன்.

முப்பது நாள் முடிந்து மில்லுக்குப் போனோம். அத்தை செருப்பைக் கழட்டி ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள். எண்பத்தொன்றே முக்கால்.

"போன தடவ செருப்போட ஏறுன ஆத்தா, அதான் கொறையுது" என்றார் மில்லுக்காரர்.

அத்தை இறங்கிச் செருப்பை மாட்டினாள். சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அத்தையைப் பிடித்துக்கொண்டது. மாசம் பூரா போனை வச்சுக்கிட்டு என்னதான் செஞ்ச, இனி அவுகளுக்கு என்ன பதில் சொல்றது என்று கேட்டது. அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். நான் நிலைப்படியில் நின்றேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"பிள்ள நல்லாத்தேன் போட்டுக் குடுத்துச்சு மதினி. என் ஒடம்புதேன் கேக்கல."

 அன்றைக்கும் விளையாடினேன்.

அடுத்த வாரம் மாமா வந்தார். காபி குடித்தார். அத்தையை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். ஆடி போகட்டும், வந்து கூட்டிப் போறேன் என்றார். வரவில்லை. தை மாசம் அங்கே வேறு கல்யாணம் நடந்துவிட்டதாகச் சேதி வந்தது. அத்தை நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் ஷிப்டுக்குப் போகிறாள். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு நானும் அதே மில் வேனில்தான் போகிறேன்.

முப்பது வீடியோவையும் ஒழுங்காகப் போட்டிருந்தாலும் பத்துக் கிலோ குறைந்திருக்காது. இப்போது தெரிகிறது. ஆனால் அதை அத்தை செய்து பார்த்துத் தெரிந்திருக்க வேண்டும். நான் செய்ய விடவில்லை. வேனில் பக்கத்தில்தான் உட்காருகிறாள். இதைச் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

அத்தை என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. என் மேல் அம்புட்டு உசிரு, அதனால்தான் காட்டிக் கொடுக்கவில்லை என்று நினைத்தேன். எங்கத்தை மாதிரி யாருக்கும் அத்தை கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசினேன். அண்ணன் வீட்டுச் சோற்றைத் தின்கிறவள் அண்ணன் பிள்ளையை ஒரு கேள்வி கேட்க முடியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.