மூன்றாவது பேஸின் சுண்ணாம்புக் கோடு

ஆம்ப்ரோஸ் டியர்னி பேஸ்பால் ஆடியவரில்லை. ஆடும் தரையைப் பார்த்துக்கொண்டவர். ஒஹாயோ ஆற்றங்கரையில் அந்த மைதானத்துக்கு அவர்தான் ராஜா. வேகமாக ஓடும் அணி வந்தால் ஓடுபாதையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கிவிடுவார். திருட்டுத்தனம்தான். எந்த ஊர் மைதானக்காரன் செய்யவில்லை? சம்பளம் கொடுப்பதே அதற்குத்தானே!

அவருடைய பெரிய கைவரிசை உள்ளூர் அணியில் ஆடிய டெல் குரௌடருக்காகச் செய்தது. டெல் குள்ளம், ஓங்கி அடிக்க வராது. பந்தை மட்டையால் தொட்டு மெல்ல உருட்டிவிட்டுப் பறப்பான். உருளும் பந்து கோட்டுக்கு வெளியே போனால் அடி செல்லாது. அதனால், ஓடுகிறவன் கடைசித் திருப்பத்தில் தொடும் மூன்றாவது பேஸ் பக்கத்துச் சுண்ணாம்புக் கோட்டோரத்தை, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேடாக்கினார் ஆம்ப்ரோஸ். வெளியே போகிற பந்து உள்ளே திரும்பிவிடும். அந்தக் கோட்டை வைத்துத்தான் டெல் பெயர் வாங்கினான். ஆம்ப்ரோஸ் வீட்டு மாடியறையில் தங்கி, அவர் மனைவி சமைத்ததைத் தின்று, பிள்ளையில்லாத அந்த வீட்டில் பிள்ளையாகவே இருந்தான்.

1907 கோடையில் நிர்வாகம் அவனை எதிரணிக்கு விற்றுவிட்டது. பட்டம் யாருக்கு என்று தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்துக்குத்தான் திரும்பி வந்தான்.

அன்று காலை, மேனேஜர் வாஸ் சொன்னபடி மேட்டைச் சீவ ஆம்ப்ரோஸ் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"என்னண்ணே, என் கோட்டுக்குச் சமாதி கட்டப் போறியா?" டெல்தான்.

"உத்தரவுடா. நீ இப்ப எதிராளியாச்சே."

துணி சுற்றிய வலது கையைத் தூக்கிக் காட்டினான் டெல். "இதை வச்சிக்கிட்டு மட்டையைப் புடிக்க முடியுமா? இன்னிக்கு வேடிக்கைதான் பாக்கப் போறேன். விட்டுடுண்ணே, உங்க ஆளுங்களுக்காவது உதவட்டும். எவ்ளோ பாடுபட்டுக் கட்டினே!"

கடைசி வார்த்தையில் மனுஷர் உருகிப்போனார். மண்வெட்டியைக் கொட்டகையில் வைத்துவிட்டார்.

கடைசிச் சுற்றான ஒன்பதாவது வரை ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று இழுபறி. எதிரணி ஆள் ஒருவன் மூன்றாவது பேஸில் நிற்க, மட்டையோடு இறங்கினான் டெல். கையில் கட்டு இல்லை.

டெல் பந்தைத் தொட்டு உருட்டினான்.

"தொடாதே, வெளியே போவுது!" என்று உள்ளூர் ஆட்டக்காரர்கள் கத்தினார்கள். மூன்றாவது பேஸைக் காக்கும் உள்ளூர் ஆட்டக்காரன் பந்தைத் தொடாமல் குனிந்தபடி காத்திருந்தான். பந்து கோட்டின் மேல் தயங்கி, உள்ளே திரும்பி நின்றது. அதற்குள் மூன்றாவது பேஸில் நின்றவன் ஓடிவந்து ரன் எடுத்துவிட்டான். கடைசி வாய்ப்பில் உள்ளூர்க்காரர்கள் ஒன்றும் கிழிக்கவில்லை.

வாஸ் வந்து ஆம்ப்ரோஸின் சட்டையைப் பிடித்தார். "யோவ், சீவச் சொன்னேனா இல்லையா? எவ்வளவு வாங்கின?"

"கையில கட்டு போட்டிருந்தான் சார். ஆட மாட்டேன்னான். அவனையே கேளுங்க!"

கேட்டார். ஆம்ப்ரோஸ் நம்பிக்கையோடு டெல்லைப் பார்த்தார். ஜெயித்தாகிவிட்டது, இனி உண்மையைச் சொன்னால் அவனுக்கென்ன நஷ்டம்?

டெல் இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தான். "எனக்கு ஏது சார் அடி? அண்ணனுக்கு என் மேல பாசம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

"துரோகி!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். டெல்லைத்தான் சொல்கிறான் என்று ஆம்ப்ரோஸ் நிமிர்ந்தார். எல்லார் கண்ணும் அவர் மேல் இருந்தது.