குப்பை என்றுதான் சொன்னேன்

இலவசம் என்று யாராவது சொன்னால் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கும். அது என் சுபாவம். "உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்" என்பாள் என் மனைவி. இருக்கட்டுமே! சந்தேகப்பட்டதால் கெட்டுப்போனவன் என்று எவனையும் நான் அதுவரை பார்த்ததில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று கிளப்பிய பீதி ஒன்றுமில்லாமல் அடங்கியிருந்த சமயம். நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடி மூன்று வருடம் ஆகியிருந்தது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு. முன்னறையில், எஸ்.பி. ரோட்டில் ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர். அந்த மூன்று வருடமும் அதன் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு நிரல் எழுதினேன். ரத்தப் பரிசோதனை செய்யும் லேப்புக்கானது. நோயாளியின் பெயரைப் போட்டால் இன்றைக்கு என்ன முடிவு, போன தடவை என்ன இருந்தது என்பதெல்லாம் ஒரே தாளில் அச்சாகி வரும். பஸ் ஸ்டாப் பக்கத்தில் லேப் வைத்திருந்த டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, நம்ம லேப்ல போட்டுடுங்க. ஓடுச்சுன்னா இன்னும் நாலு பேருக்கு நானே சொல்றேன்" என்றார். நாற்பத்து நாலு வயதுக்காரனுக்கு வேறு வேலை தர யாரும் தயாராக இல்லை. அந்த நிரல் போனால் நானும் போனேன், அவ்வளவுதான்.

சிக்கல் டாக்டரின் கம்ப்யூட்டர்களில் இருந்தது. ஏதோ அலுவலகம் கழித்துப் போட்டவை. மூன்றும் மூன்று தினுசு. ஒன்று 486 என்கிற அரதப் பழசு. இன்னொன்றில் பெயர் தெரியாத ஒரு நெட்வொர்க் கார்டு. மூன்றாவதன் திரையில் கறுப்பையும் பச்சையையும் தவிர வேறு நிறமே வராது. புது விண்டோஸ் எதிலும் ஏறவில்லை. "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுப் பாருங்க, அது எந்த டப்பாலயும் ஓடும், காசும் வேணாம்" என்றார் என்னோடு தொழிற்சாலையில் இருந்த ஒருவர். சும்மா இருக்காமல், "ஆனா ஜாக்கிரதை. அதுல ஓட்டினா உங்க புரோகிராமோட சோர்ஸையும் ஊருக்கே குடுக்கணுமாம்" என்று ஒரு குண்டையும் போட்டார். சோர்ஸ் என்றால் நான் எழுதியது எழுதியபடி இருக்கும் கோப்புகள். அது கையில் கிடைத்தால் என் மூன்று வருடத்தை எவன் வேண்டுமானாலும் தன் பெயரில் விற்கலாம். அவர் சொன்னது தப்பு என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அப்படியே நம்பினேன்.

முதலில் என் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டுப் பழகிக்கொண்டு, அப்புறம் லேப்புக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். லினக்ஸ் பிரியர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கல்லூரிக் கூடத்தில் கூடுவார்கள். யார் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் போட்டுக் கொடுப்பார்கள். சிடியும் இலவசம், டீயும் இலவசம். இதைக் கேட்டதும் எனக்கு நிச்சயமாகிவிட்டது. முதலில் டீ கொடுப்பான், பிறகு சோப்புப் பவுடர் விற்க ஏழு பேரைச் சேர்த்துவிடு என்பான். பெங்களூரில் அப்போது அந்தக் கூத்துதான் எங்கு பார்த்தாலும். சோப்பு இல்லை என்றால் வேறு எதற்கோ வலை விரிக்கிறார்கள். என் சோர்ஸ் அதற்குள் விழக்கூடாது.

ஆகவே சனிக்கிழமையே முன்னேற்பாடு செய்தேன். ஹார்டு டிஸ்க்கின் கடைசியில் தனியாக ஒரு பாகம் பிரித்து, சோர்ஸை அதற்கு மாற்றி, அந்தப் பாகமே கண்ணுக்குத் தெரியாதபடி ஒளித்து வைத்தேன். போதாததற்கு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்பது துண்டாக வெட்டி, ஒன்பது ஃப்ளாப்பியில் ஏற்றி அலமாரியில் பூட்டினேன். கில்லாடிடா நீ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கூடத்தில் ஒரே கூட்டம். ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தவை, மூடி இல்லாமல் வயர் தொங்குபவை, எந்த நாட்டில் செய்தது என்றே தெரியாதவை என்று மேஜை முழுக்கக் கம்ப்யூட்டர்கள். என்னுடையதைக் கையில் எடுத்தவர் முப்பது வயதுப் பெண்மணி. அதே கல்லூரியில் பாடம் எடுப்பவர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்.

"இதுல முக்கியமா ஏதாச்சும் இருக்கா சார்?"

"ஒண்ணும் இல்ல மேடம். காலி."

ஏதோ தட்டினார். திரையில் என் டிஸ்க்கின் பாகங்கள் வரிசையாக வந்தன. கடைசி வரியைப் பார்த்தேன். நான் பாடுபட்டு ஒளித்த பாகம், பக்கத்தில் 'ஹிடன்' என்று பெயரும் போட்டுக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது! விண்டோஸ் கண்ணில் மண்ணைத் தூவினேன். லினக்ஸோ ஒளித்து வைத்தது இதுதான் என்று எழுதியே காட்டுகிறது.

"இதென்ன சார்? இடம் பத்தாது. இதையும் எடுத்துக்கலாமா?"

எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருவன், "ஹிடன்னு போட்டிருக்கே... என்ன சார், அந்த மாதிரிப் படமா?" என்றான். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். பெண்டாட்டியும் பிள்ளையும் உள்ளவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! அதில் இருப்பது என்ன என்று சொன்னால் சோர்ஸ் போகும். சொல்லாவிட்டால் மானம் போகும். வீட்டு அலமாரியில் ஒன்பது ஃப்ளாப்பி இருக்கிற தைரியத்தில் வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. வெறும் குப்பை. அழிச்சிடுங்க."

அவர் என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "நிஜவா சார்? அப்புறம் திரும்பி வராது."

"அழிங்கன்னா அழிங்க மேடம்!"

"சரி. டீ குடிச்சிட்டு வாங்க, கொஞ்சம் நேரம் ஆகும்."

திரும்பி வந்தபோது என் கம்ப்யூட்டருக்கும் அவருடையதற்கும் நடுவே ஒரு நீல வயர் ஓடிக்கொண்டிருந்தது. எதற்கு என்றேன். லினக்ஸ் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது என்றார். வருவதற்கு மட்டும்தானா என்று கேட்க நினைத்தேன். எடுத்துப் போக இனி என்ன இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன். சாயங்காலம் லினக்ஸோடு வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஃப்ளாப்பிகளை எடுத்தேன். ஐந்து வரை ஒழுங்காக ஏறின. ஆறாவது கர்கர் என்று அரைத்துவிட்டு நின்றது. துடைத்தேன், ஊதினேன், தெருமுனை பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோய் அங்கேயும் போட்டுப் பார்த்தேன். ஊஹூம். ஒரே மூட்டையாகக் கட்டியது. நடுவில் ஒரு துண்டு போனால் எதுவுமே அவிழாது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை லேப்பில் நிரலைப் போட வேண்டும்.

"அந்த மேடத்தையே போய்க் கேளுங்க" என்றாள் மனைவி.

"என்னன்னு கேக்கச் சொல்ற? பொய் சொன்னேன்னா?"

"ஆமா. பொய் சொன்னேன்னுதான் கேக்கணும். வேற வழி வெச்சிருக்கீங்களா?"

புதன்கிழமை கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். ஆசிரியர்கள் அறையில் அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சொல்லி முடிப்பதற்குள் வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. சோர்ஸை ஒளித்தது, குப்பை என்றது, ஃப்ளாப்பி காலை வாரியது, எல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"என்கிட்ட ஒரு காப்பி இருக்கு சார்."

"என்னது?"

"நீங்க டீ குடிக்கப் போனப்போ அந்தப் பாகத்த அப்படியே என் மிஷினுக்கு எடுத்துட்டுத்தான் அழிச்சேன்."

மனிதனாக இருந்தால் அந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். நான் கத்தினேன். "என்னைக் கேக்காம என் டிஸ்க்க எப்படிங்க காப்பி எடுப்பீங்க? இதுக்குத்தான் இலவசமா?" அறையில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "கேக்காம எடுத்தது தப்புதான் சார். போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் ஒண்ணும் இல்லன்னாரு. நம்பி அழிச்சேன். நாலு வருஷமா எழுதின தீசிஸ் அதுலதான் இருந்துதுன்னு வந்து அழுதாரு. அன்னையிலேந்து ஒண்ணும் இல்லன்னு சொல்றவங்கள நான் நம்பறதே இல்ல."

நான் எல்லோரையும் திருடர்கள் என்று நினைத்தபடி அந்தக் கூடத்துக்குள் நுழைந்தேன். அவர் என்னைப் பொய்யன் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்திருக்கிறார். என் சந்தேகம் என் பிழைப்பையே அழிக்கப் பார்த்தது. அவருடைய சந்தேகத்தால்தான் அது பிழைத்தது.

அங்கேயே எல்லாவற்றையும் என் டிஸ்க்குக்குத் திருப்பி ஏற்றினார். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

"இப்ப என்கிட்ட இருக்கறத அழிச்சிடறேன். நீங்களே பாத்துக்கங்க" என்று திரையை என் பக்கம் திருப்பி, கட்டளையைத் தட்டி, விரலை எண்டர் மேல் வைத்தார்.

அந்த விரலைப் பார்த்தேன். இதை அழுத்தினால் இந்த உலகத்தில் என் மூன்று வருடம் இருப்பது இந்தப் பழைய டிஸ்க்கில் மட்டும்தான். வெளியே ஆட்டோ; லிங்கராஜபுரம் வரைக்கும் பள்ளமும் மேடும்.

"இருங்க, இருங்க!" என்று அவர் கையைப் பிடிக்காத குறை. "அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

அவர் சிரிக்கவில்லை. "சரி சார்" என்று விரலை எடுத்துக்கொண்டார்.

வாசல் வரை போனவன் திரும்பி வந்து கேட்டேன். "உள்ள திறந்து பாத்தீங்களா?"

"இல்ல சார்."

நான் நம்பவில்லை. அடுத்த மாதம் நிரலில் சில திருத்தங்கள் செய்துவிட்டு, புதுப் பிரதியையும் வைத்திருக்கச் சொல்லி அவரிடமே கொண்டுபோனேன்.